பொய்யுருப் படிகங்கள்: ஒரு பழுப்புக் கனசதுரத்திலிருந்து

கேள்வி:
"கண்காட்சியில் 900 ரூபாய்க்கு ஒரு பழுப்புக் கனசதுரம் வாங்கினேன். அட்டையில் 'லிமோனைட்' என்று மட்டும் இருந்தது. கல் சேகரிக்கும் நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, 'இது துருப்பிடித்த பைரைட், இதற்குப் பொய்யுரு என்று பெயர், பெயரிலேயே பொய் இருக்கிறது, காசு வீண்' என்கிறார். எலுமிச்சைச் சாற்றிலோ புளியிலோ ஊறவைத்துத் தேய்த்தால் உள்ளே இருக்கும் தங்க நிறம் வெளியே வருமா? இல்லை, திருப்பிக் கொடுத்துவிடலாமா?"

பிப்ரவரி 3, இரவு

முதலில் அந்தக் கல்லைப் புளியில் போடாதீர்கள். எலுமிச்சையும் வேண்டாம். பித்தளைக் குடத்தில் இருக்கும் களிம்பு வேறு, இது வேறு. களிம்பைத் தேய்த்தால் அடியில் குடம் இருக்கிறது. உங்கள் கல்லில் அந்தப் பழுப்புதான் கல். சேகரிப்பவர்கள் குவார்ட்ஸ் மேல் இருக்கும் இரும்புக் கறையை எடுக்க ஆக்ஸாலிக் அமிலம் வைத்திருப்பார்கள். யாராவது அதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

திருப்பியும் கொடுக்க வேண்டாம். பைரைட் என்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்த தங்க நிறக் கனிமம். அதன் கனசதுரம் ஒன்று மண்ணுக்குள் இருந்தபடியே, மூலை முனை கலையாமல், கோத்தைட் என்ற வேறு கனிமமாக மாறியிருக்கிறது. கந்தகம் போய்விட்டது, இரும்பு நின்றுவிட்டது. உருவம் பழையது, உடம்பு புதியது. கிரேக்க மொழியில் 'பொய்யான உருவம்' என்று பெயர் வைத்ததால் நாமும் பொய்யுரு என்கிறோம். அந்தப் பெயரை வைத்து அதைப் போலி என்று சொல்வது அநியாயம். என்னிடம் 40 வருடச் சேகரிப்பில் முந்நூற்றுச் சொச்சம் கற்கள் இருக்கின்றன. அவற்றில் பொய்யுரு மட்டும் 31. வீடு தீப்பிடித்தால் முதலில் அந்த 31-ஐத்தான் தூக்குவேன்.

இரண்டு சோதனை செய்து பாருங்கள். குளியலறைச் சுவர் ஓட்டின் பின்பக்கம், பளபளப்பில்லாத பக்கத்தில், கல்லின் ஒரு மூலையை மெதுவாக இழுங்கள். மஞ்சள் கலந்த பழுப்புக் கோடு விழுந்தால் கோத்தைட். பச்சை கலந்த கறுப்பு விழுந்தால் இன்னும் பைரைட்தான், மேலே கறை மட்டும். செம்பழுப்பு என்றால் ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு. அப்புறம் லென்ஸில் முகங்களைப் பாருங்கள். மெல்லிய இணைகோடுகள் தெரியும். ஒரு முகத்துக் கோடுகள் பக்கத்து முகத்துக் கோடுகளுக்குச் செங்குத்தாக ஓடும். அது பைரைட்டின் கைரேகை.

பிப்ரவரி 4, காலை

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. லிமோனைட் என்பது தனிக் கனிமமே இல்லை. நீர் ஏறிய இரும்பு ஆக்சைடுகளின் கலவைக்குப் பொதுவாகச் சொல்லும் பெயர் அது. பெரும்பாலும் உள்ளே இருப்பது கோத்தைட்தான். 1806-இல் ஜெர்மன் கவிஞர் கோத்தேயின் பெயரை அதற்கு வைத்தார்கள். அவர் கனிமம் சேகரித்தவர். அட்டையில் லிமோனைட் என்று போட்ட வியாபாரி ஏமாற்றவில்லை. ஆனால் பாதியை மட்டும் எழுதியிருக்கிறார். 'கோத்தைட், பைரைட்டின் உருவில்' என்று இரண்டு பெயரும் இருக்க வேண்டும்.

இரண்டாவது பெயரை எப்படி நிச்சயமாகச் சொல்கிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். கோத்தைட் தானாக வளர்ந்தால் ஊசியாக, நாராக, சிறுநீரக வடிவக் கட்டியாக வரும். அதன் படிக அமைப்பு செஞ்சாய்சதுரம், அதாவது மூன்று அச்சும் ஒன்றுக்கொன்று செங்குத்து, ஆனால் நீளம் வெவ்வேறு. கனசதுரமாக வளர அதற்கு வழியே இல்லை. வழியில்லாத உருவத்தில் ஒரு கனிமம் இருந்தால், அந்த உருவம் வேறொருவருடையது.

பிப்ரவரி 6

என் பெட்டியில் இருக்கும் பழுப்புக் கனசதுரத்தை இன்று எடுத்தேன். ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான பக்கம். 12 வருடமாக வைத்திருக்கிறேன், ஒருநாளும் அடர்த்தி பார்த்ததில்லை. இந்தக் கேள்வி வந்ததால் பார்த்தேன்.

நகைக்கடைத் தராசு போதும். டம்ளரில் தண்ணீர் வைத்துத் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். கல்லை நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். என் கல் 61.4 கிராம். தண்ணீரில் 14.9 காட்டியது. ஆக அடர்த்தி 4.12.

ஒப்பிட, ஸ்பெயினின் நவஹூன் ஊரிலிருந்து வந்த பைரைட் கனசதுரம் ஒன்று இருக்கிறது, கண்ணாடி மாதிரி முகங்கள். அது 5.0 வந்தது, புத்தகத்தில் இருக்கிறபடியே. சுத்தமான கோத்தைட் 4.3. நுண்துளைகளுக்குக் கொஞ்சம் கழித்தால் 4.12 சரியாக வருகிறது. என் கல் முழுக்க மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 8, அதிகாலை

மேலே கடைசி வரி தவறு. ராத்திரி படுத்தபடி கணக்குப் போட்டேன், எழுந்து பென்சிலில் திரும்பப் போட்டேன்.

பைரைட்டில் ஓர் இரும்பு அணுவுக்கு இரண்டு கந்தகம். கோத்தைட்டிலும் ஓர் இரும்புதான், கந்தகத்துக்குப் பதில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும். இரும்பு வெளியே போகவும் இல்லை, வெளியிலிருந்து வந்து சேரவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதே அளவு இரும்பை வைத்துக் கட்டும்போது கோத்தைட் பிடிக்கும் இடம் பைரைட்டைவிட 13 சதவீதம் குறைவு. வெளி உருவமோ அப்படியே இருக்கிறது. அப்படியானால் அந்த 13 சதவீதம் உள்ளே துளைகளாக இருக்க வேண்டும். முழுக்க மாறிய கனசதுரத்தின் மொத்த அடர்த்தி 3.7 அளவில்தான் வரும்.

என்னுடையது 4.12. எங்கிருந்து வந்தது மீதி? உள்ளே பைரைட் இருக்கிறது. கணக்குப்படி கன அளவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. உள்ளே ஒரு சின்னக் கனசதுரம் என்று நினைத்தால் பக்கம் 1.7 சென்டிமீட்டர். சுற்றிலும் 4 மில்லிமீட்டர் பழுப்பு ஓடு.

12 வருடமாகக் கையில் வைத்திருந்த கல்லுக்குள் இன்னொரு கல். காபி போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 8, மாலை

துளைகள் நிஜமாகவே இருக்கின்றனவா என்று பார்க்கக் கல்லைத் தண்ணீரில் போட்டு வைத்தேன். முதல் பத்து நிமிடம் ஒரு மூலையிலிருந்து ஊசிமுனை அளவுக் குமிழிகள், சரம் சரமாக. அரிசி ஊறும்போது வருமே, அதைவிடச் சின்னது. சாயங்காலம் எடுத்து ஈரம் துடைத்து நிறுத்தால் 62.5. ஒன்றரை மணிக்கு ஒருமுறை நிறுத்துக்கொண்டே இருந்தேன், அதற்குமேல் ஏறவில்லை. 1.1 கிராம் தண்ணீர் குடித்திருக்கிறது. ஓடு முழுக்கத் துளை நிரம்பினால் 1.3 வர வேண்டும். மூடிய துளைகளும் இருக்கும்.

இதில் ஒரு எச்சரிக்கை. அடர்த்தி பார்ப்பவர்கள் கல்லைத் தண்ணீரில் இறக்கியதும் உடனே எண்ணைப் படித்துவிடுங்கள். ஊறிய பிறகு பார்த்தால் துளைகள் கணக்கிலிருந்து நழுவிவிடும், அடர்த்தி கூடுதலாக வந்துவிடும்.

பிப்ரவரி 11

'உங்களிடம் இருக்கும் 31-ம் இப்படித்தானா' என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்காக ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். 31 இல்லை. 29. இரண்டை இறக்கிவிட்டேன், காரணம் சொல்கிறேன்.

ஒன்று, மும்பை காந்திவலி குவாரியின் ப்ரேனைட். வெளிர் பச்சை, திராட்சை மாதிரி மணிமணியான மேற்பரப்பு, கைவிரல்கள் போல நீண்டு நிற்கிறது. அட்டையில் 'ப்ரேனைட், லாமோண்டைட்டின் உருவில்' என்று எழுதியிருந்தேன். ஒரு விரலின் உடைந்த முனையை டார்ச் வைத்துப் பார்த்தால் உள்ளே குழல், காலி. லாமோண்டைட் படிகத்தின்மேல் ப்ரேனைட் பூசியிருக்கிறது, பிறகு உள்ளே இருந்தது கரைந்து போய்விட்டது. லாமோண்டைட் அப்படிப்பட்டது. காய்ந்தால் தன்னிடம் இருக்கும் நீரை விட்டுவிட்டு மாவாக உதிரும். என் ப்ரேனைட் ஒருவருக்குப் போட்ட சட்டை, ஆள் போன பிறகும் விறைப்பாக நிற்கிறது. இதையும் பொய்யுரு வகையில் சேர்ப்பவர்கள் உண்டு, மேலுறை வகை என்பார்கள். ஒரு படிகம் இன்னொன்றின் இடத்தை உண்மையில் எடுத்துக்கொண்ட கற்களுக்காகத்தான் இந்தத் தட்டை ஒதுக்கினேன். அதனால் ப்ரேனைட் பக்கத்துத் தட்டுக்குப் போகிறது. அழகு ஒன்றும் குறையவில்லை.

மற்றது புலிக்கண் கல். இதற்குத் தனியாக எழுதுகிறேன், இது எனக்கு வருத்தம் தந்த விஷயம்.

பிப்ரவரி 12

புலிக்கண் கல் எல்லாக் கடையிலும் கிடைக்கும், மோதிரத்தில் பதிப்பார்கள். நல்லது தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. க்ரோசிடோலைட் என்னும் நீல அஸ்பெஸ்டாஸ் நார்களைக் குவார்ட்ஸ் இழை இழையாக இடம்பெயர்த்தது, அதனால்தான் அந்தப் பட்டு ஒளி என்று நாங்கள் படித்தோம், நான் பத்துப் பேருக்குச் சொல்லியும் கொடுத்தேன். 1873-இல் விபெல் என்ற ஜெர்மானியர் சொன்னது. பாடப்புத்தகங்களில் பொய்யுருவுக்கு முதல் உதாரணமே அதுதான்.

2003-இல் ஹீனி, ஃபிஷர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மெல்லிய வெட்டுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அப்படி இல்லை என்றார்கள். க்ரோசிடோலைட் அடுக்கில் விரிசல் விடுகிறது, விரிசலைக் குவார்ட்ஸ் நிரப்புகிறது, மறுபடி விரிசல், மறுபடி நிரப்பு. குவார்ட்ஸ் வளரும்போது நார்களும் கூடவே உள்ளே சிக்கிக்கொள்கின்றன. நார் இருந்த இடத்தில் குவார்ட்ஸ் வந்து உட்காரவில்லை.

அந்தக் கட்டுரை வந்து எத்தனையோ வருடம் கழித்துத்தான் நான் படித்தேன். படித்த பிறகும் அட்டையை மாற்றவில்லை. பழக்கம் விடவில்லை. இன்று மாற்றிவிட்டேன்.

பிப்ரவரி 15

"மாறியது என்று தெரிகிறது, மாறிக்கொண்டிருப்பதைப் பார்க்க முடியுமா" என்று கேட்ட டீச்சருக்கு.

முடியும், இரண்டு வழி.

கந்தகத்தை உருக்கி, மேலே ஏடு கட்டியதும் துளையிட்டு மிச்சத்தைக் கவிழ்த்தால், கிண்ணத்துக்குள் தேன் நிறத்தில் ஒளி புகும் ஊசிகள் நிற்கும். அது ஒற்றைச்சாய்வுக் கந்தகம். 95.5 டிகிரிக்குக் கீழே அந்த அமைப்பு நிலைக்காது. நாள் போகப்போக ஊசிகள் மங்கி, வெளிறிய மஞ்சளாகி, ஒளி புகாமல் போய்விடும். ஊசி உருவம் இருக்கும், உள்ளே செஞ்சாய்சதுரக் கந்தகத்தின் பொடிப் படிகங்கள். வேதிப்பொருள் மாறவே இல்லை, அடுக்கு மட்டும் மாறியது. புகை வரும், காற்றோட்டமான ஆய்வகத்தில் மட்டும் செய்யுங்கள். வெள்ளிக் கனிமம் ஆர்ஜெண்டைட்டும் இதே கதைதான். கனசதுர அமைப்பு சுமார் 173 டிகிரிக்கு மேலேதான் இருக்கும். அலமாரியில் ஆர்ஜெண்டைட் என்று எழுதி வைத்திருக்கும் எல்லாமே இப்போது அகாந்தைட், அதே பொருளின் வேறு அடுக்கு.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. கல்லூரி வேதியியல் ஆய்வகங்களில் பொட்டாசியம் புரோமைடு இருக்கும். அதன் கரைசலை மெதுவாக வற்றவிட்டு ஐந்து மில்லிமீட்டர் கனசதுரம் ஒன்றை வளர்த்துக்கொண்டேன். பொட்டாசியம் குளோரைடின் தெவிட்டிய கரைசலில் அதைப் போட்டேன். கண்ணாடி போல இருந்தது, சில நிமிடத்தில் வெளிப்பக்கம் பால் வெள்ளை. விளிம்பு ஒன்றுகூட மழுங்கவில்லை. கல் கரைகிறது, கரைந்த அதே இடத்தில், அதே நொடியில், புதியது படிகிறது. வெளியே எடுத்துக் குண்டூசியால் குத்தினேன். முன்பு கெட்டியாக இருந்த முகம், பஞ்சுக் கற்கண்டு மாதிரி பொதுக்கென்று உள்வாங்கியது. அந்த வெள்ளை நிறமே துளைகளால்தான். துளை வழியாகத்தான் கரைசல் உள்ளே உள்ளே போய் வேலையைத் தொடர்கிறது.

ஜெர்மனியின் மியூன்ஸ்டரில் கிறிஸ்டின் புட்னிஸ், கிளவுஸ் மெஸ்கர் இருவரும் 2004-இல் இந்த ஜோடியை வைத்துத்தான், திடப்பொருளுக்குள் அணுக்கள் ஊர்ந்து இடம் மாறுவதல்ல இது, எல்லைக்கோட்டில் கரைந்து படிவதுதான் என்று காட்டினார்கள். இரண்டு உப்புகளின் அடர்த்தியை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். புதிய உப்பு பிடிக்கும் இடம் பழையதைவிட 13 சதவீதம் குறைவு. என் பைரைட்டுக்கு வந்த அதே எண். தற்செயல்தான், ஆனால் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

பிப்ரவரி 15, பின்குறிப்பு

முதல் நாள் 'கந்தகம் போய்விட்டது, இரும்பு நின்றுவிட்டது' என்று எழுதினேன். மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால் 'நின்றுவிட்டது' சரியில்லை. இரும்பும் ஒருகணம் கரைந்து, ஆக்சிஜன் உள்ள தண்ணீரில் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே மறுபடி கட்டியிருக்கிறது. கந்தகம் கந்தக அமிலமாகித் தண்ணீரோடு போயிருக்கிறது.

பிப்ரவரி 19

எதை முதலில் வாங்கலாம் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். என் பதில் ஒன்றுதான். பாதி மாறியதை வாங்குங்கள்.

என்னிடம் நமீபியாவின் ட்சுமெப் சுரங்கத்து அசுரைட் ஒன்று இருக்கிறது. சுரங்கத்தை 1996-இல் மூடிவிட்டார்கள், இனி வரப்போவதில்லை. கட்டைவிரல் நகம் அளவுதான். அதற்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்தேன், வீட்டில் அன்று யாரும் என்னோடு பேசவில்லை. ஒரு முனை இன்னும் நீலம், தேர்வு எழுதும் ராயல் புளூ மைக்கும் கருமைக்கும் நடுவில். அங்கிருந்து பச்சை தொடங்குகிறது. லென்ஸில் பார்த்தால் எல்லைக்கோடு மழுப்பலாக இல்லை, கரை போட்ட வேட்டி மாதிரித் தெளிவாக இருக்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பச்சைப் பட்டு நூல்கள் சின்னச் சின்ன விசிறிகளாக விரிகின்றன, மலகைட் அப்படித்தான் வளரும். ஆனால் விசிறிகள் எல்லாம் அசுரைட்டின் முகத்துக்குள் அடங்கி நிற்கின்றன. நீல முகத்தில் ஓடும் விளிம்பு ஒன்று கோட்டைத் தாண்டிப் பச்சையிலும் ஒரே நேராகப் போகிறது. விரல் நகத்தால் தடவினால் கோடு எங்கே என்று தெரியாது.

இரண்டும் செம்புக் கார்பனேட்டுகள். அசுரைட் கொஞ்சம் கரியமில வாயுவை விட்டு, கொஞ்சம் நீரை எடுத்துக்கொண்டால் மலகைட். முழுப் பச்சையாகிவிட்ட படிகங்களும் கிடைக்கும், அழகாகவே இருக்கும். ஆனால் தாய்க் கனிமம் அசுரைட்தான் என்பதற்கு உருவத்தை மட்டுமே நம்ப வேண்டும். பாதி மாறியதில் தாயும் பிள்ளையும் ஒரே கல்லில் இருக்கிறார்கள். யார் வந்து கேட்டாலும் காட்டிவிடலாம்.

பிப்ரவரி 20

'உருவத்தை மட்டுமே நம்பினால் என்ன தவறு' என்ற கேள்விக்கு மூன்று உதாரணம்.

இங்கிலாந்தின் டெவனில் ஹேட்டர் சுரங்கத்திலிருந்து 1827-இல் ஒரு புதுக் கனிமம் என்று அறிவித்து 'ஹேட்டரைட்' என்று பெயரும் வைத்தார்கள். பிறகு பார்த்தால் உடம்பு சாதாரண கால்சிடோனி, அதாவது நுண்படிகக் குவார்ட்ஸ், உருவம் டாட்டோலைட் என்ற வேறு கனிமத்துடையது. பெயர் இன்றும் சேகரிப்பவர்கள் நாக்கில் இருக்கிறது, கனிமப் பட்டியலில் இல்லை.

ருமேனியாவின் ட்ரெஸ்டியாவிலிருந்து வரும் நீலக் கால்சிடோனிக் கனசதுரங்கள். ஃபுளோரைட்டின் உருவில் என்று பெரும்பாலோர் எழுதுகிறார்கள். மெலனோஃப்ளோஜைட் என்ற அபூர்வ சிலிக்காவின் உருவில் என்று வாதாடுபவர்களும் உண்டு. கனசதுரமாக வளரக்கூடியவர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்தால் உருவம் மட்டும் சாட்சி சொல்லாது. என் அட்டையில் இரண்டு பெயரையும் எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது என் மனதுக்கு நெருக்கமானது. குளிர்ந்த கடல் வண்டல்களில், ஆணிக்கொத்து போலவும் நட்சத்திரம் போலவும், சொரசொரப்பான கால்சைட் (கால்சியம் கார்பனேட்) உருவங்கள் கிடைக்கும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் உள்ள கிளெண்டன் என்ற ஊரின் பெயரால் 1905-இல் அவற்றுக்குக் கிளெண்டோனைட் என்று பெயர் வந்தது. அதற்கு அறுபது வருடத்துக்கும் முன்பே அமெரிக்கக் கனிமவியலாளர் ஜேம்ஸ் டுவைட் டேனா அங்கே வந்து அவற்றைச் சேகரித்துவிட்டார். உருவம் கால்சைட்டுடையது இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். யாருடையது? ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். 1960-களின் தொடக்கத்தில் கிரீன்லாந்தின் இக்கா ஃபியார்டில், தண்ணீருக்கு அடியில் நிற்கும் வெள்ளைத் தூண்களிலிருந்து ஒரு கனிமத்தை எடுத்தார்கள். கால்சியம் கார்பனேட், ஆனால் ஒவ்வொரு மூலக்கூறோடும் ஆறு நீர். வெளியே எடுத்து வெதுவெதுப்பில் வைத்தால் குழம்பாகிவிடும். அதற்கு இக்கைட் என்று பெயர். 1980-களில் அண்டார்டிகாவின் கடலடி வண்டலிலிருந்து அதன் நல்ல படிகங்கள் வந்த பிறகுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. பிள்ளைக்கு ஊர்பேர் எல்லாம் வைத்து வளர்த்து எத்தனையோ காலம் கழித்துத் தாயைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஆறு நீரும் போய்விட்டால் கன அளவில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். கிளெண்டோனைட் ஏன் அவ்வளவு பொறுபொறுவென்று இருக்கிறது என்பதற்கு அது போதும். இக்கைட் குளிரில் மட்டுமே நிற்கும் என்பதால், அந்த உருவம் கிடைத்த பாறை ஒருகாலத்தில் பனிக்குளிர்த் தண்ணீருக்கு அடியில் இருந்தது என்று சொல்லிவிடலாம். உடம்பைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது, கால்சைட் எங்கும்தான் இருக்கிறது.

பிப்ரவரி 23

திருவக்கரை கல்மரம் பொய்யுருவில் சேருமா என்று விழுப்புரத்துக்காரர் ஒருவர் கேட்கிறார். மரம் கனிமம் இல்லை, படிகமும் இல்லை. கறாராகப் பார்த்தால் சேராது. பழைய நூல்கள் 'மரத்தின் உருவில் குவார்ட்ஸ்' என்றே சேர்த்துவிடும். நானும் சேர்க்கவே ஆசைப்படுகிறேன், ஏனென்றால் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே அங்கேதான்.

பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பாட்டி கூட்டிப்போனாள். எனக்கு எட்டு வயது. செம்மண்ணில் கிடந்த கட்டையை உதைத்தேன், கால் பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. வக்கிராசுரனின் எலும்பு என்று யாரோ சொன்னார்கள். பாட்டி குனிந்து பார்த்துவிட்டு, 'எலும்புல ஏதுடா வருஷ வளையம், இது மரம்' என்றாள். பள்ளிக்கூடம் போகாதவள்.

அந்த இடம் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை பாதுகாக்கும் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். மரங்களுக்கு வயது சுமார் 2 கோடி ஆண்டு. 1781-இலேயே சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைப் பற்றிக் குறிப்பு எழுதினார். அங்கிருந்து ஒரு சிம்புகூட எடுக்காதீர்கள். பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் படுத்திருக்கும் 18 மீட்டர் கல்மரத்திலும் அப்படியே. யாராவது 'திருவக்கரை' என்று அட்டை போட்டு விற்றால் வாங்காதீர்கள், விலை கேட்கவும் வேண்டாம்.

பிப்ரவரி 24

நேற்றைய குறிப்பில் திசை மாறிவிட்டேன். மேக்னடைட் என்ற இரும்புத் தாதையும் அது மாறி வந்த கல்லையும் எப்படிப் பிரித்தறிவது, மாற்றம் ஒரே திசையில்தானா என்று கேட்டவருக்குச் சுருக்கமாக இரண்டு பதில். சேலம் கஞ்சமலைப் பக்கத்து மேக்னடைட்டில் காந்தம் ஒட்டும், கோடு கறுப்பு. அதே எண்முக உருவில் ஹெமடைட்டாக மாறியதற்கு மார்டைட் என்று பெயர், காந்தம் ஒட்டாது அல்லது லேசாகத்தான் ஒட்டும், கோடு செம்பழுப்பு. அர்ஜென்டினாவின் பயூன் மத்ரூ எரிமலை மார்டைட்தான் சந்தையில் அதிகம்.

மாற்றம் எப்போதும் ஒரே திசையில்தான் நடக்குமா? இல்லை. ஈயத் தாதுவான கலீனா சிதைந்து பைரோமார்பைட் என்ற ஈயப் பாஸ்பேட் ஆகும், நிறைய இடத்தில் நடக்கிறது. ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கிலோ பைரோமார்பைட்டின் அறுமுகத் தூண்கள் மறுபடி கலீனாவாக மாறியிருக்கின்றன. பழைய சுரங்கக்காரர்கள் அதை நீல ஈயத் தாது என்றார்கள். மேலே இருந்து இறங்கும் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறதா, கந்தகம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

மார்ச் 2

கனசதுரத்தை அறுத்துவிட்டேன்.

இரண்டு வாரம் மனசு வரவில்லை. கணக்கு சரியாக இருந்தால் உள்ளே இருக்கிறது என்று தெரியும், தெரிந்தால் போதாதா என்றும் நினைத்தேன். போதவில்லை. காங்கேயத்தில் கல் பட்டை தீட்டும் பட்டறை ஒன்றுக்குப் போனேன். பெரியவர் கல்லைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்து, 'ஏனுங்க, இத்தனூண்டு கல்லு இவ்வளவு கனக்குது' என்றார். எண்ணெய் வேண்டாம், தண்ணீர் விட்டே அறுக்கச் சொன்னேன். முகத்துக்கு இணையாக, நட்டநடுவில்.

முதலில் காவிக் குழம்பாக வழிந்தது. கொஞ்சம் உள்ளே போனதும் ரம்பத்தின் சத்தம் மாறியது, கீச்சென்று ஏறியது. குழம்பு கறுத்தது. தீக்குச்சி அணைத்த வாசனை லேசாக. பெரியவர் நிமிர்ந்து, 'உள்ள வேற கல்லுங்க' என்றார்.

இரண்டு பாதியும் மேசையில். சுற்றிலும் பழுப்பு, நடுவில் வெளிறிய தங்க நிறம், பளபளவென்று. அளந்தேன். ஓர் அச்சில் 1.6 சென்டிமீட்டர், மற்றதில் 1.7. கணக்கு ஏமாற்றவில்லை. ஆனால் நான் மனதில் வரைந்து வைத்திருந்த படம் அது இல்லை. உள்ளே இருப்பது கனசதுரமாக இல்லை. மூலைகள் மழுங்கி, வெல்லக் கட்டி கரைந்தது மாதிரி இருக்கிறது. மூலையை மூன்று பக்கமிருந்தும் தண்ணீர் தாக்கும், முகத்தை ஒரு பக்கமிருந்து. அதை யோசிக்காமல் விட்டிருக்கிறேன். ஓடும் ஒரே தடிமனாக இல்லை. ஒரு பக்கம் 3 மில்லிமீட்டர், எதிர்ப்பக்கம் 5. அந்தப் பக்கம் ஒரு பழைய விரிசல், மயிரிழை அகலம். அதன் வழியே பழுப்பு ஆப்பு மாதிரி உள்ளே இறங்கியிருக்கிறது. குமிழிகள் வந்த மூலை அதுதான்.

பழுப்புக்கும் தங்கத்துக்கும் நடுவே கறுத்த ஒரு மெல்லிய கோடு. ட்சுமெப் கல்லில் பார்த்த அதே தெளிவு.

ஈரத்தைத் துணியில் ஒற்றி, மின்விசிறிக்கு அடியில் வைத்தேன். இனி அந்தப் பைரைட் காற்றுக்கு வெளியே தெரிகிறது, ஈரக்காற்றில் விட்டால் பொரிந்துவிடும். மருந்துப் பாட்டிலில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் ஒரு பாதி. அட்டையில்: 'கோத்தைட், பைரைட்டின் உருவில், உள்ளே பைரைட் மிச்சம், ஊர் தெரியாது, நடுவில் அறுத்தது, மார்ச்.'

மறு பாதி கேள்வி கேட்டவருக்கு. அறுக்காத உங்கள் கல்லின் எடையையும் தண்ணீரில் காட்டிய எண்ணையும் இங்கே எழுதுங்கள், அப்புறம் முகவரியைத் தனியாக அனுப்புங்கள்.